அளவு சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் 'மௌனம் ஏன்?' என்று ஒரு கடிதம் வந்திருந்தது. பயங்கரவாதிகள் காஷ்மீரில் நடத்திய பஹல்காம் படுகொலையை உள்ளூர் முஸ்லிம்கள் வாய் திறந்து கண்டிக்கவில்லை, கண்டிக்காதவரை மற்றவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும் என்பது அதன் சாரம். எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை, இதே கேள்வியை நானும் ஒருவரிடம் முகத்துக்கு நேராகக் கேட்டவன்.

நான் மேலூர் பக்கத்துக்காரன். மதுரையில் ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். மகள் சின்னப் பிள்ளையில் காய்ச்சல் கண்டு பிழைத்ததற்காக அழகருக்கு நேர்ந்துகொண்டது, இருபத்திரண்டு வருஷமாக வேடம் கட்டி, ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் சுமந்துபோய்ப் பீய்ச்சுகிறேன். (பிரஷர் பம்பு வைத்துப் பீய்ச்சக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது ரொம்ப நல்லது. சாமி மேல் தண்ணீர் தெளிக்கிறோமா, தீயணைக்கிறோமா என்று ஆகிவிட்டிருந்தது.) சல்லடம், கச்சை, உருமால் என்று வேடத்துக்கு வேண்டிய உடுப்பெல்லாம் எனக்குத் தைத்துக் கொடுப்பவர் ஒரே ஆள்தான். முன்பு புதுமண்டபத்தில் தூணோரம் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அங்கே போய்த் தைத்துக்கொள்கிறேன். அவர் முஸ்லிம். மதுரைக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சித்திரை வந்தால் அழகர் வேடத்துக்கும் கருப்பசாமி வேடத்துக்கும் துணி வெட்டுபவர்களில் பாதிப்பேர் யார் என்று அந்தத் தையல் மிஷின்களைச் சுற்றிவந்தவர்களுக்குத் தெரியும்.

பழைய சல்லடம் நைந்துவிட்டது, புதுசுக்கு அளவு கொடுக்கப் போனேன். பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்று ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த ஐந்து நாளும் எங்கள் ஆலை ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் நான் வேறு எதையும் படிக்கவில்லை. காலையில் ரோஜாப்பூ போட்டு வணக்கம் சொல்கிற மனுஷர்கள், மத்தியானம் 'பாய் கடையில் ஒரு ரூபாய்க்குக்கூடச் சாமான் வாங்காதீர்கள்' என்று அனுப்பினார்கள். ஏதோ ஒரு ஊர் தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலப் படத்தைப் போட்டு, 'கொண்டாடுகிறார்கள் பாருங்கள்' என்றார் ஒருவர். கூடு படத்திலேயே தெரிகிறது. நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது 'மௌனம்' பற்றிய கடிதத்தைப் படித்தபோது அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

அவர் இஞ்சு டேப்பை என் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசி. நான் கேட்டேன்: "என்ன பாய், இந்தக் காஷ்மீர் விஷயத்துல நீங்க என்ன சொல்றீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற தொனியில்தான் கேட்டேன். அவர் டேப்பை எடுக்காமல், குண்டூசியை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் குத்துப்பஞ்சில் செருகினார். அப்புறம் சொன்னார்:

"இன்னிக்கு நீங்க நாலாவது ஆளுண்ணே. காலையில வந்தவர் கேட்டார். பாவிப்பயலுக, நாசமாப் போவானுகன்னு சொன்னேன். அவருக்குப் பத்தலை. இன்னும் கொஞ்சம் திட்டுவேன்னு மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னார். சரின்னு இன்னும் கொஞ்சம் திட்டினேன். ரொம்பத் திட்டினா நடிக்கிறான்னு ஆயிடும். அளவு சொல்லிட்டீங்கன்னா கரெக்டா வெட்டிக் கொடுத்துருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் இடுப்பளவை நோட்டில் எழுதிக்கொண்டார். நானும் ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் அது பொய். அன்று ராத்திரியும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் அந்த 'அளவு' என்ற சொல் மட்டும் செருப்புக்குள் புகுந்த மண் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் பிறகு செய்தி படிக்கும்போதெல்லாம் அந்த அளவைத்தான் தேடினேன்.

கண்டிக்கவில்லை என்கிறார் கடிதம் எழுதியவர். படுகொலைக்கு மறுநாள் காஷ்மீரில் கடைகளை அடைத்தார்கள். அங்குள்ள பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் கறுப்பாக அச்சிட்டன. அந்த வெள்ளிக்கிழமை கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு தொழுகைக்கு வாருங்கள் என்றார் ஹைதராபாத் எம்.பி. ஒவைசி. இறந்த 26 பேரில் ஒருவர் சையது ஆதில் ஹுசைன் ஷா, சுற்றுலா வந்தவர்களை மட்டக்குதிரையில் ஏற்றிப் பிழைத்தவர். சுட்டவனின் துப்பாக்கியைப் பிடுங்கப் போய்ச் செத்தார் என்று சொல்லி, காஷ்மீர் முதலமைச்சர் உமர் அப்துல்லாவே அவர் ஜனாஸாவில், அதாவது இறுதித் தொழுகையில், போய் நின்றார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை ஒருவர் போட்டார். அதற்கு வந்த பதில், "ஒருத்தன் செத்தா ஆச்சா?"

சரி, முஸ்லிமுக்குத்தான் அளவு பற்றவில்லை என்றால், கடற்படை லெப்டினன்ட் வினய் நர்வாலின் மனைவிக்கும் பற்றவில்லை. கல்யாணமாகி ஆறாம் நாள் பஹல்காமில் கணவனை இழந்த பெண். அவர் உடலருகே உட்கார்ந்திருந்த அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் இல்லை. அதே பெண் மே 1-ஆம் தேதி, முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் பாய வேண்டாம், எங்களுக்கு அமைதி வேண்டும், செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று சொன்னார். அவ்வளவுதான், ஒரு வாரம் முன்பு அவருக்காக அழுதவர்களே அவர் நடத்தையைப் பேச ஆரம்பித்தார்கள். தேசிய மகளிர் ஆணையம் அறிக்கை விட்டுக் கண்டிக்கிற அளவுக்குப் போயிற்று. அவர் சொன்னதில் 'தண்டனை வேண்டும்' என்பதும் இருந்தது. அது யார் காதிலும் விழவில்லை.

மே 7-ஆம் தேதி, பஹல்காமுக்குப் பதிலடியாகப் பாகிஸ்தானில் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கம் சொல்ல ராணுவச் சீருடையில் வந்து நின்றார் கர்னல் சோஃபியா குரேஷி. எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால்தான் இருந்தோம். ஒரே வாரத்துக்குள் மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் மேடையில் அவரைப் பயங்கரவாதிகளுக்குச் சகோதரி என்று பொருள்படப் பேசினார். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவர் மேல் வழக்குப் பதியச் சொன்னது. ராணுவ கர்னலுக்கே அளவு குறைகிறது. குன்னத்தூர் சத்திரத்தில் மிஷின் மிதிக்கிறவர் இன்னும் எத்தனை முழம் போட வேண்டும்?

பயம் வெறும் கற்பனை என்று சொல்ல நான் வரவில்லை. 1998-இல் கோவையில் குண்டு வெடித்து 58 பேர் செத்ததும், 2011-இல் நம் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஆலம்பட்டிப் பாலத்தடியில் அத்வானி போகிற பாதையில் பைப் குண்டு எடுத்ததும் எனக்கு மறக்கவில்லை. குற்றவாளியைப் பிடிக்க போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. பிடிக்கட்டும், கடுமையாகத் தண்டிக்கட்டும். நான் பேசுவது அவர்களைப் பற்றி அல்ல.

இனிமேல் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

1997 ஜூன் 30. எங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் மேலவளவில், பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய பதவியில் ஒருவர் ஜெயித்து உட்கார்ந்தது பொறுக்கவில்லை. வெட்டியவர்கள் என் சாதிக்காரர்கள். காஷ்மீருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்கும் 2500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எனக்கும் அவர்களுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. சம்பந்திக்குச் சம்பந்தி என்று கணக்குப் போட்டால் எங்காவது போய்த் தொட்டுவிடும்.

மறுநாள் வழக்கம்போல் மேலூரில் பஸ் ஏறி வேலைக்குப் போனேன். பஸ்ஸில் யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆலை கேட்டில் கேட்கவில்லை. அந்த வருஷமே மதுரையில் வாடகைக்கு வீடு பார்த்தேன். வீட்டுக்காரர் அட்வான்ஸ் எவ்வளவு தர முடியும் என்றார், மாடியில் தண்ணீர் ஏறாது என்றார், மேலவளவு பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

டைம் ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் கொட்டாம்பட்டிப் பக்கம், தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். என்னைக் கேட்க அந்த ஊரிலேயே உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். தினம் பதினோரு மணிக்கு இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே டீ குடிக்கப் போவோம். ஒரு வாரம் அவர் வரவில்லை. "வேலை கெடக்கு, நீங்க போங்க" என்றார். மேஜையில் வேலை ஒன்றும் கிடக்கவில்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ அவராகவே எழுந்து, "வாங்க போவோம்" என்றார். போனோம். அன்று டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "அவனுக யாரு, நான் யாரு" என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் கொஞ்சம் கோபமாக. அந்தக் கோபம் எனக்கு நியாயமாகப் பட்டிருக்கும்.

சாதி வேறு, மதம் வேறு என்று பதில் கடிதம் வரலாம். வரட்டும். ஆனால் எழுதுகிறவர் தன் சாதியில், தன் மதத்தில், தன் கட்சியில் எவன் எதைச் செய்தபோது தெருவில் நின்று கண்டித்தார் என்பதையும் கூடவே ஒரு வரி எழுதட்டும். என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது. மேலவளவுக்கு நான் இதுவரை கண்டனம் சொன்னதில்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்து, கேட்காத ஆளுக்குப் பதிலாக, இதில்தான் சொல்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கடிதப் பகுதியில் எதைப் போடுவது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தக் கடிதத்துக்கு மேலே நீங்கள் போட்ட படம் தொப்பி போட்டவர்கள் வரிசையாக நின்று தொழுகிற படம். பஹல்காம் செய்திக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? மதுரையில் ஏற்கெனவே பிப்ரவரியில், கோயிலும் தர்காவும் இருக்கும் திருப்பரங்குன்றம் மலையை வைத்து 144 தடை போட்டு, ஊர் கொஞ்ச நாள் உர்ரென்று இருந்தது. இப்போதுதான் திருவிழா வந்து ஆசுவாசமாயிற்று. படம் தேர்ந்தெடுக்கிறவர் இதைக் கொஞ்சம் நினைக்கலாம்.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் யாரிடம் தைக்கிறேன் என்று தெரிந்தவர்கள் கடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றதும் அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்: "எழுதுங்கண்ணே, பேரு, கடை மட்டும் வேணாம். பொழப்பு கெட்டுப்போகும்."

மே 10-ஆம் தேதி சாயங்காலம் சல்லடம் வாங்கப் போனேன். பாகிஸ்தானோடு சண்டை நிறுத்தம் என்று அப்போதுதான் செய்தி வந்திருந்தது. அழகர் ஆற்றில் இறங்க இன்னும் ஒரு நாள்தான் பாக்கி, கடையில் நிற்க இடமில்லை. சமிக்கி, கண்ணாடி, சரிகை என்று தரையெல்லாம் மினுக்கிக் கிடந்தது. கூட்டம் விலகட்டும் என்று காத்திருந்து, அன்றைக்குக் கேட்டது தப்புதான் பாய் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை. சல்லடத்தைப் பிரித்து என் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"போன தடவைக்கு ரெண்டு இஞ்சு கூடிட்டீங்கண்ணே. உள்ளே துணி விட்டிருக்கேன். அடுத்த வருஷம் தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம்."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆலைக் கிளார்க் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.