பெயர் வராத வேலை

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு பேரும் கேட்டோம். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுகிறாய். நானும் கருவூல அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் கோப்பில் குறிப்பு எழுதியே பழகியவன். எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும்.

விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார். உன்னைவிட வெகு மேலே இருக்கும் ஓர் ஐரோப்பிய செஸ் ஆட்டக்காரர், தனக்கு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள், தயாரித்துக் கொடுக்க உன்னை அழைக்கிறார். நீங்கள் செகண்ட் என்று சொல்லும் அந்த உதவியாளர் வேலை. ஓராண்டுக்கு. மாதச் சம்பளம் உண்டு. உன் பெயர் வெளியே வராது. "ஒத்துக்கொண்டால், இனி நான் ஆட்டக்காரன் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடாதா?" என்று கேட்கிறாய்.

ஒத்துக்கொள் என்பதுதான் என் பதில். ஆனால் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒத்துக்கொள்.

முதலில் கணக்கு. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டத்தை ஜெயித்தபோது நம் சொந்தக்காரர்கள் வீட்டில் எல்லாம் ஆட்டத்தைவிடப் பணத்தைப் பற்றித்தான் பேச்சு. மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். ஜெயித்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2 லட்சம். மிச்சம் ஆளுக்குப் பாதி. குகேஷ் மூன்று ஆட்டம் ஜெயித்தார், எதிரே ஆடிய டிங் லிரன் இரண்டு. அதற்குப் பத்து லட்சம் போக மீதிப் பதினைந்தில் ஆளுக்கு ஏழரை. ஆகக் குகேஷுக்கு பதின்மூன்றரை லட்சம், டிங்குக்கு பதினொன்றரை லட்சம். தோற்றவருக்கே இவ்வளவா என்று வாயைப் பிளந்த உன் சித்தப்பா, அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டார்: "நம் பையனும் கிராண்ட்மாஸ்டர்தானே, மாதம் எவ்வளவு நிற்கும்?"

உன் தொழிலில் மாதம் என்று ஒன்றே கிடையாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? யாரும் சேரக்கூடிய ஓப்பன் போட்டிக்குப் போகிறாய். பட்டம் இருப்பதால் நுழைவுக் கட்டணம் இல்லை. அமைப்பாளர் நல்லவராக இருந்தால் அறையும் சாப்பாடும் கிடைக்கும். ஒன்பது சுற்றில் ஏழு புள்ளி எடுத்து, அதே ஏழில் நிற்கும் மற்றவர்களோடு பரிசைப் பங்குபோட்டால் விமான டிக்கெட்டுக்குச் சரியாகப் போகிறது. ஆறரை எடுத்தால் அதுவும் இல்லை. ஜெர்மனியின் பண்டஸ்லிகா, ஸ்பெயின், பிரான்ஸ் லீக்குகளில் ஒரு கிளப்புக்காக ஆடினால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வருகிறது. அந்த ஒரு வரவைத்தான் முன்கூட்டி எழுதிவைக்க முடியும். ரேட்டிங் என்னும் ஆட்டத்திறன் மதிப்பெண் 2700-க்கு மேலே இருப்பவர்களை வருந்தி அழைத்து, வந்து உட்கார்வதற்கே பணம் தருகிறார்கள். 2500-இல் இருப்பவன் தன் செலவில் போய்ச் சேர்ந்து, அங்கே தன் செலவையாவது எடுக்க வேண்டும்.

ரேட்டிங் கணக்கு இதைவிட மோசம். ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன். நீ 2500, எதிரே 2200-இல் ஒரு பதின்மூன்று வயதுப் பையன். 300 புள்ளி வித்தியாசத்துக்கு உன்னிடம் எதிர்பார்ப்பது 0.85. டிரா ஆனால் உனக்கு அரைப் புள்ளி, 0.35 குறைவு. 2400-ஐ ஒரு முறை தொட்டவர்களுக்குப் பெருக்கும் எண் 10 என்பதால் உனக்கு மூன்றரை போகிறது. அந்தப் பையனுக்கு அதே எண் 40. அவனுக்குப் பதினான்கு ஏறுகிறது. அவன் நிஜத்தில் 2400 அளவுக்கு ஆடக்கூடியவன் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ரேட்டிங் பட்டியலுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. நம் நாட்டு ஓப்பன் போட்டிகளில் மேசைக்கு மேசை இப்படி ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். உன் ரேட்டிங் ஏன் 2500-க்குக் கீழே போயிற்று என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டு. உனக்கு ஆட்டம் மறந்துவிடவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நம் செய்தித்தாள்களுக்குச் செஸ்ஸில் வயது ஒன்றுதான் கண்ணில் படுகிறது. பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் என்றால் முதல் பக்கம், இருபத்தைந்தில் ஆனால் உள்ளே நாலு வரி. 1950-இல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே முதன்முதலாக இந்தப் பட்டத்தைக் கொடுத்தபோது உலகத்திலேயே 27 பேர். நம் நாட்டில் முதல் ஆள் வருவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அது ஆனந்த். 2024-இல் நம் நாகர்கோவில்காரர் ஷ்யாம்நிகில் 85-ஆவது ஆள். பட்டத்துக்கு நார்ம் என்னும் தகுதி ஆட்டம் மூன்று போட்டிகளில் காட்ட வேண்டும்; அவர் 2012-இலேயே இரண்டு நார்மும் 2500 ரேட்டிங்கும் எடுத்துவிட்டவர். மூன்றாவது நார்முக்குப் பன்னிரண்டு வருடம்! கடைசியில் துபாயில் ஒரு வெற்றி, எட்டு டிரா என்று எடுத்து முடித்தார். அந்த எட்டு டிராவையும் ஆடி முடிக்க என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று எழுதியவர் யார்? எனக்கு அவர் ஆட்டம் எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உதவியாளராகப் போனால் ஆட்டக்காரன் இல்லையா?

2010-இல் சோஃபியாவில் ஆனந்த் உலகச் சாம்பியன் பட்டத்துக்காகத் தொப்பலோவுடன் ஆடியபோது உனக்கு விவரம் புரிகிற வயது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லாமல், ஆனந்தும் அவருடைய ஆட்களும் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து தரைவழியாகவே போய்ச் சேர்ந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். அந்தப் போட்டியில் அவருக்கு உதவியாளர்களாக இருந்தவர்கள் யார்? ஒருவர் உஸ்பெகிஸ்தானின் காசிம்ஜானோவ். 2004-இல் ஃபிடே உலகச் சாம்பியன் பட்டத்தையே ஜெயித்தவர், இன்னொருவருக்காகக் கண் விழித்து ஓப்பனிங் தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கல்கத்தாவின் சூரிய சேகர் கங்குலி. நம் தேசிய சாம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து ஆறு முறை வென்றவர். இவர்களை யாராவது ஆட்டக்காரர்கள் இல்லை என்று சொன்னார்களா?

சிங்கப்பூரையும் பார். ஆட்டங்கள் நடந்தபோது குகேஷ் பக்கத்தில் பயிற்சியாளர் கயெவ்ஸ்கியும் மனநலப் பயிற்சியாளர் பேடி அப்டனும்தான் வெளியே தெரிந்தார்கள். ஜெயித்த பிறகுதான் மற்றப் பெயர்கள் வந்தன: வொய்தாஷெக், ஹரிகிருஷ்ணா, கெய்மர், டூடா, கிளிம்கோவ்ஸ்கி. டூடா 2021-இல் உலகக் கோப்பையை ஜெயித்தவர். ஹரிகிருஷ்ணா உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்தவர். அவர்கள் தங்கள் பெயரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பதினெட்டு வயதுப் பையனுக்காக வேலை பார்த்தார்கள். அதற்கும் முன்னால் விஷ்ணு பிரசன்னா இருந்தார். சென்னைக்காரர், தானும் கிராண்ட்மாஸ்டர். குகேஷை ஆரம்பத்தில் இன்ஜின், அதாவது நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல், பக்கமே போகவிடாமல் சொந்த மூளையால் யோசிக்க வைத்தவர். உலகமே மேசையில் இருப்பவரைப் பார்க்கும், சரி. உன் தொழிலைச் செய்கிறவர்களுக்காவது மேசைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

கச்சேரி நோட்டீஸில் மிருதங்கக்காரர் பெயர் பாடுகிறவர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும். உனக்கு அந்தச் சின்ன எழுத்துகூட இல்லை. அது வலிக்கும். வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் உன்னை உண்மையில் உறுத்துவது பெயர் இல்லை என்று நினைக்கிறேன். குரல் பதிவின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொன்னாயே: "என் கோப்புகளையும் கொடுக்கவேண்டியிருக்கும்." அங்கேதான் இருக்கிறது விஷயம்.

உன் அலமாரியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. தூசி தட்டும்போது பிரித்துப் பார்த்தேன். கிரன்ஃபெல்ட் என்ற ஓப்பனிங்கில் வெள்ளைக்கு 17-ஆவது நகர்த்தல், ஒரு சிப்பாயைச் சும்மா கொடுப்பது போல. சிவப்பு மையால் இரண்டு கோடு. பக்கத்தில் "யாரும் ஆடியதில்லை" என்று எழுதி, தேதி போட்டு, வாசலில் காவலுக்கு நிற்பது போல ஒரு ஆச்சரியக்குறி. அந்த நகர்த்தலை ஆடுவதற்காக நீ எத்தனை போட்டியில் காத்திருந்தாய்! எதிரே உட்கார்ந்தவன் ஒன்பதாவது நகர்த்தலிலேயே வேறு பக்கம் திரும்பிவிடுவான். கடைசியில் எங்கேயோ ஓர் ஆன்லைன் போட்டியில் முகம் தெரியாத பையன் ஒருவன் அதை ஆடிவிட்டான். அவனும் இன்ஜினில் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பான். அன்று ராத்திரி நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாய் என்று அம்மா இன்றும் சொல்கிறாள்.

நீ கண்டுபிடிக்கும் எதுவும் இப்போது நாள் பட நிற்பதில்லை, தம்பி. பூட்டி வைத்தால் அதே சரக்கு இன்னொருவன் கைக்குப் போகிறது. உன்னுடைய 17-ஆவது நகர்த்தலை முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவர், முதல் வரிசைப் போட்டியில், எதிரி நாற்பது நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்படி ஆடினால், அது உன் நோட்டில் கிடந்ததைவிட நல்ல கதிதானே? உனக்கு இதில் வேறு லாபமும் இருக்கிறது. உச்சியில் இருப்பவர் ஒரு நிலையை எப்படிப் பார்க்கிறார், எதைத் தூக்கி எறிகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதை ஓராண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாய். அதற்கு எந்தப் பயிற்சி முகாமிலும் கட்டணம் கட்டிச் சேர முடியாது.

ஆனால் ஒன்று. போவதானால் முழுதாகக் கொடு. நல்லதை ஒளித்துவைத்துக்கொண்டு இரண்டாம் தரத்தை அனுப்புவதாக இருந்தால் போகவே போகாதே. சம்பளம் வாங்கிக்கொண்டு பாதி வேலை பார்க்கிறவர்களை நான் என் அலுவலகத்தில் நிறையப் பார்த்தேன். அந்தப் பாதியை அவர்கள் வேறு எதற்கும் உபயோகித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தையும் விட்டுவிடாதே. லீக் ஆட்டங்களுக்குப் போகும் உரிமையை முதலிலேயே கேட்டு வாங்கு. அவர் முகாமில் இல்லாத நாட்களில் ஓப்பன் போட்டிகளுக்குப் போ. சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தை நாம் சேர்ந்து பார்த்தோமே, எல்லோரும் டைபிரேக்கை, அதாவது சமனை உடைக்கும் வேக ஆட்டங்களை, பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். டிங் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்கு வைத்தார். அவருடைய பிஷப் மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. யானையும் பிஷப்பும் வெட்டுப்பட்டுப் போனால் மிஞ்சுவது சிப்பாய் ஆட்டம்தான், அதில் தான் ஜெயிக்கலாம் என்று குகேஷுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிலைக்கு எந்த உதவியாளரின் கோப்பும் பயன்படாது. அங்கே தனியாக உட்கார்ந்து பார்க்கிற பழக்கம்தான் வேண்டும். உனக்கு அது இருக்கிறது. ஓராண்டு இன்ஜின் முன்னால் உட்கார்ந்து அது துருப்பிடிக்கக் கூடாது.

இனி என் பழைய தொழில். வாய்ப்பேச்சை நம்பாதே. ஒரு போட்டி அமைப்பாளர் உன் பரிசுப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தது நினைவிருக்கிறதல்லவா? அந்த முறை நம்மிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. ஆகவே கேள்: சம்பளம் மாதம் எந்தத் தேதியில், எந்த நாணயத்தில்? இன்ஜின் ஓடும் சர்வர் வாடகை யார் கணக்கு? பயணமும் தங்குவதும்? போட்டி பாதியில் நின்றாலோ அவர் உன்னை முன்னதாக நிறுத்தினாலோ என்ன? வேலை முடிந்த பிறகு எத்தனை நாள் வாய் திறக்கக் கூடாது, அந்த நாட்களில் உன் சொந்த ஓப்பனிங்கையே நீ ஆடலாமா? இதை மட்டும் கட்டாயம் எழுத்தில் வாங்கு. ஏதாவது ஒரு ஓப்பனில் நீயும் அவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் கேள். சிரிப்பார், பரவாயில்லை. ஆண்டில் எத்தனை நாள் வெளிநாட்டில் இருப்பாய் என்பதைப் பொறுத்து இங்கே உன் வருமான வரிக் கணக்கு மாறும்; நான் நம் ஆடிட்டரிடம் பேசிவைக்கிறேன்.

எங்களுக்குத் திருப்பித் தரவேண்டியதைப் பற்றி நீ இரண்டு முறை பேச்சை எடுத்துவிட்டாய். அந்தக் கணக்கை நான் எழுதி வைக்கவில்லை. சம்பளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்து. அந்தப் பணத்தை அடுத்த ஆண்டு நீ ஆடப்போகும் போட்டிகளுக்கு ஒதுக்கு.

அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த மனிதர் பெரிய போட்டியில் ஆடும்போது, எந்த நகர்த்தல் நம் பையனுடையது என்று நமக்கு மட்டுமாவது சொல்வானா என்கிறாள். சொல்லக்கூடாது, அது வேலை நியாயம் என்று சொன்னேன். அவளுக்கு அது நியாயமாகவே படவில்லை. நீயே பேசிச் சமாளித்துக்கொள்.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா