அரியரை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளாதே

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "அவளுக்குத் தெரியாததா" என்று பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. அத்தனை ஆஸ்பத்திரிகளுக்கும் புதுச் சம்பள சிஸ்டம் கொண்டுவருகிற பொறுப்பு உன் தலையில் இருக்கிறது, தேதி நெருங்குகிறது, ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று போட்டு வைத்திருந்த திட்டத்தை விட்டுவிடலாம் என்கிறார்கள் கமிட்டியில், அரியர் கணக்கை, அதாவது பழைய மாதங்களுக்குத் தர வேண்டிய சம்பள நிலுவையை, இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், நீயும் அரைமனதாகச் சரி சொல்லப் போகிறாய். வேண்டாம் கண்ணு.

எனக்குச் சாஃப்ட்வேர் எழுதத் தெரியாது. ஆனால் சம்பள பில் தெரியும், வேலைக்காலம் முழுக்க பில் செக்‌ஷனில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆபீசில் பெரும்பாலானவர்களின் சம்பளம் போன மாதம் போலவேதான் இருக்கும், அதற்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலை எல்லாம் மிச்சம் உள்ள கொஞ்சப் பேரிடம்தான். மாத நடுவில் ப்ரமோஷன் வந்தவர், எல்.பி.சி. (பழைய ஆபீஸ் தரும் கடைசிச் சம்பளச் சான்று) வராமலே மாற்றலாகி வந்து சேர்ந்தவர், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர், மேலதிகாரி லீவில் போனதால் அந்த இடத்துக்குப் பொறுப்பு பார்த்தவர். பஞ்சப்படி உத்தரவு ஏப்ரலில் வரும், ஜனவரி முதல் அமல் என்று இருக்கும், உடனே எல்லோருக்கும் பழைய மாதங்களைத் திருப்பிக் கணக்குப் போட வேண்டும். அரியர் என்பது எப்போதோ ஒரு தடவை வருகிற விஷயம் என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பில் போடுகிறவருக்கு அதுதான் தினசரி வேலை. அதை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு காணாமல் போய்விடாது, யாரோ ஒருத்தி கையால் போட்டுக்கொண்டிருப்பாள்.

இது உன் ஒட்டாவாவிலேயே நடந்து முடிந்த கதைதான். கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள சிஸ்டம் என்ற பெயர் உன் ஆபீசில் தெரியாதவர்களே இருக்க முடியாது, ஆனால் "அது அரசாங்கம், நம் கதை வேறு" என்று தள்ளிவிடுவார்கள், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். கனடா மத்திய அரசு நாற்பது வருடப் பழைய சம்பள சிஸ்டத்தை மாற்ற 2009-ல் இறங்கியது. 2011-ல் ஐ.பி.எம்.முக்கு ஒப்பந்தம், பீப்பிள்சாஃப்ட் மென்பொருள். ஒவ்வொரு துறையிலும் உட்கார்ந்து சம்பளம் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நீக்கிவிட்டு, 46 துறைகளின் வேலையை நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிச்சி என்ற சின்ன ஊரில் ஒரே மையத்துக்குக் கொண்டுபோனார்கள். 1,200 பணியிடங்கள் போயின, அங்கே எடுத்தது சுமார் 550 பேர். வருடத்துக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கு. அந்த மிச்சத்தைக் காட்டியாக வேண்டும் என்பதால், சிஸ்டம் ஓடுகிறதா என்று தெரிவதற்கு முன்பே அனுபவசாலிகள் வெளியே போய்விட்டார்கள்.

2012-ல் ஐ.பி.எம். 27.4 கோடி டாலர் ஆகும் என்றது. கையில் அனுமதி இருந்தது 15.5 கோடிக்கு. கூடுதல் பணம் கேட்கவில்லை, தேதியைத் தள்ளவில்லை. அதற்குப் பதிலாக வசதிகளை வெட்டினார்கள், சோதனைகளைச் சுருக்கினார்கள். வெட்டியதில் ஒன்று என்ன தெரியுமா? பின்தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடுகிற வசதி. அதாவது அரியர்! 80,000-க்கும் மேற்பட்ட ஊதிய விதிகள் உள்ள இடத்தில் அதை வெட்ட ஒருவருக்குக் கை வந்தது என்றால், பில் போடுகிறவர் ஒருவரைக்கூட அவர்கள் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு துறையில் முதலில் ஓட்டிப் பார்க்கும் திட்டமும் இருந்தது. அதையும் ரத்து செய்தார்கள்.

2016 பிப்ரவரி 24-ல் முதல் அலைத் துறைகள் புது சிஸ்டத்துக்கு மாறின, ஏப்ரல் 21-ல் மீதி. கிட்டத்தட்ட 2,90,000 ஊழியர்கள். ஜூலைக்குள் 80,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சம்பளத்தில் கோளாறு. சிலருக்குக் குறைவாக, சிலருக்கு அதிகமாக, சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. அதிகமாக வந்தவர்களும் தப்பவில்லை, திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பழைய சிஸ்டத்துக்குத் திரும்பவும் வழி வைத்திருக்கவில்லை. வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் போனவர்கள் உண்டு. சம்பளம் என்பது அந்த வீட்டு அடுப்பு கண்ணு, மற்ற சிஸ்டம் நின்றால் எரிச்சல் வரும், இது நின்றால் பிள்ளைக்குப் பால் வாங்க முடியாது. பிறகு அதைச் சரிசெய்ய நூற்றுக்கணக்கான கோடி டாலர் செலவாகியிருக்கிறது.

2018-ல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளராக இருந்த மைக்கேல் ஃபெர்குசன் கொடுத்த அறிக்கையை முழுக்கப் படி. திட்ட நிர்வாகத்திலும் மேற்பார்வையிலும் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. திட்டத்தின் நிலவரம் மேலே போன ஒரே வழி அதை நடத்தியவர்கள்தான், தனியாகப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. உன் கமிட்டிக்கும் இப்போது எல்லாத் தகவலும் உன் வழியாகத்தான் போகிறது, இல்லையா? அப்படியானால் நீ பாதி சொன்னால் அவர்களுக்குப் பாதிதான் தெரியும். "சின்னச் சின்னப் பிரச்சினைகள் இருக்கின்றன, சமாளித்துவிடலாம்" என்ற வாக்கியத்தை எழுதாதே. எத்தனை சோதனை தோற்றது, எந்த நர்ஸுக்கு இரவு ஷிஃப்ட் கூடுதல் தொகை தப்பாக வருகிறது, அதைக் கையால் திருத்த எத்தனை பேர் தேவை, அதை எழுது. நீ சொல்லி அவர்கள் கேட்காமல் முடிவெடுத்தால் அது அவர்கள் முடிவு. தெரியாமல் முடிவெடுக்க நீ விடக்கூடாது.

அப்புறம் உன் ஆஸ்பத்திரிகளில் சம்பளம் பார்க்கிறவர்களோடு இந்த வாரம் போய் உட்கார். மேலாளர்களோடு இல்லை, சீட்டில் இருப்பவர்களோடு. போன மாதம் எதையெல்லாம் கையால் திருத்தினீர்கள் என்று மட்டும் கேள். அவர்களிடம் ஒரு நோட்டு இருக்கும், எங்கள் செக்‌ஷனிலும் இருந்தது, யார் யாருக்கு என்ன விசேஷம் என்று. எந்தத் தேவைப் பட்டியலிலும் அதில் உள்ளது வந்திருக்காது. புது சிஸ்டம் சில சம்பளத் தேதிகளைப் பழையதோடு சேர்த்து ஓட்டிப் பைசா பைசாவாக ஒப்பிட்டு முடிக்கிறவரை அவர்களில் ஒருவரையும் வெளியே அனுப்ப விடாதே.

வியாழக்கிழமை கமிட்டி என்றாய். அதற்குள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடு, வாயால் சொன்னால் மினிட்ஸில் வராது. எழுதியதை எனக்கும் அனுப்பு, இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லை, அப்பா படித்துச் சொல்வார்.

அன்புடன்
அம்மா