காயிலில் அச்சிட்ட வாட் எண் யாருக்கான எண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளை ஒட்டிய கடைகளில் வேப் எனப்படும் மின்சிகரெட்டை விற்றவர்கள் பிடிபட்ட செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. பறிமுதலான பொருளின் மதிப்பும் கைதானவர்களின் எண்ணிக்கையும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் இடம்பெறுவதில்லை. தரமணிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், இந்தக் குறையின் விளைவை வகுப்பறையிலேயே பார்க்கிறேன். ஓம் விதியை நடத்தி முடித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றால், பின்வரிசையிலிருந்து, "சார், 0.4 ஓம் காயிலுக்கு எத்தனை வாட் வைக்கணும்?" என்று ஒரு குரல் வருகிறது. காயில் என்பது வேப்புக்குள் இருக்கும் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதி. எதற்காகக் கேட்கிறான் என்பது எனக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். அதட்டி உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவன் விடையை வேறிடத்தில் தேடிக்கொள்வான், அங்கே கிடைப்பது பாதி விடையாகவே இருக்கும். மீதிப் பாதியைப் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பயன்படுத்தித் தூக்கியெறிந்த ஒரு காயிலின் உறையை வெட்டிப் பிரித்தால், விரல் நுனி அளவுள்ள ஓர் எஃகுக் குழலும், அதன் பக்கவாட்டில் திரவம் உள்ளே இறங்குவதற்கான சிறு துளைகளும், உள்ளே இறுக்கிச் சுற்றிய பஞ்சும், பஞ்சுக்கு நடுவே ஒரு கம்பிச் சுருளோ சல்லடை போன்ற மெல்லிய தகடோ இருப்பதைக் காணலாம். பஞ்சின் வெளிப்புறம் பழுப்பேறியிருக்கும். கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த உட்புறம் கரியாகியிருக்கும். கம்பியின் மேல் கறுப்பாக ஏதோ பிசின்போலப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் அது பொருக்குப் பொருக்காக உதிரும். மாணவர்களுக்கு இதை ஒருமுறை கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும், அடுத்துச் சொல்லப்போவதை அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கணக்கு எளியதுதான். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும். லித்தியம் பேட்டரியின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட் என்று கொண்டால், 0.4 ஓம் காயிலில் ஏறத்தாழ 34 வாட் செலவாகும். முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில், அதாவது 4.2 வோல்ட்டில், அது 44 வாட்டாக உயர்ந்து, பேட்டரியிலிருந்து 10.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 1.2 ஓம் காயிலானால் அதே பேட்டரியில் 11 முதல் 15 வாட் வரைதான். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் ஈயம் பற்றவைக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட் கொண்டது. அதைவிடக் கூடுதலான திறனை, அதைவிடப் பல மடங்கு சிறிய ஒரு கம்பியில் செலுத்தி, அதிலிருந்து வரும் ஆவியை உதட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து இழுக்கிறோம் என்பதை அவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காயிலின் உறையில் 30 முதல் 40 வாட் என்பதுபோல ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். நண்பர்களும் கடைக்காரரும் சரியான வாட் என்று சொல்வது இந்த எண்ணைத்தான். இந்த எண் பொய்யன்று. ஆனால் அது பல நிபந்தனைகளுக்கு உட்பட்டது. காற்றுத் துளை எவ்வளவு திறந்திருக்க வேண்டும், திரவத்தில் கிளிசரின் எவ்வளவு, புரோப்பிலீன் கிளைக்கால் எவ்வளவு, ஒருமுறை எத்தனை விநாடி இழுப்பார்கள், அடுத்த இழுப்புக்கு முன் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்பவற்றையெல்லாம் தயாரிப்பாளர் ஒருவாறு ஊகித்துக்கொண்டுதான் அதை அச்சிடுகிறார். 70 சதவீதம் கிளிசரின் கொண்ட கெட்டியான திரவத்தைச் சிறு துளைகள் கொண்ட 1.2 ஓம் காயிலில் ஊற்றினால், கம்பி சூடாகும் வேகத்துக்குப் பஞ்சு நனையாது. காற்றுத் துளையைப் பாதி மூடினால், அதே வாட்டில் கம்பியின் வெப்பநிலை ஏறும். விடாமல் அடுத்தடுத்து இழுத்தாலும் நிலைமை அதுதான். ஏனென்றால் வாட் என்பது வெப்பநிலை அன்று. அது ஒரு விநாடிக்குக் கொடுக்கப்படும் ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றலைத் திரவம் ஆவியாவதற்கு எடுத்துக்கொண்டால் வெப்பநிலை திரவத்தின் கொதிநிலையை ஒட்டி நிற்கும். புரோப்பிலீன் கிளைக்காலுக்கு அது 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுக்கு 290 டிகிரி. பஞ்சு உலர்ந்த இடத்தில் அந்தக் கடிவாளம் இல்லை. கம்பி பழுக்கிறது, பஞ்சு கருகுகிறது, தொண்டையில் காந்தலும் கருகல் வாடையும் ஏறுகின்றன. புதிய காயிலில் திரவம் ஊறச் சில நிமிடம் விட்டு, வரம்பின் அடியிலிருந்து இரண்டிரண்டு வாட்டாக ஏற்ற வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். காயிலைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரையே.

நுரையீரலைப் பொறுத்தவரை என்ன என்பதே என் கேள்வி. அந்த வரம்பு, பஞ்சு கருகாமலும் ருசி கெடாமலும் காயில் சில வாரங்கள் உழைப்பதற்காக வகுக்கப்பட்டது. அதை உள்ளிழுப்பவருக்கான பாதுகாப்பு அளவாக அது வகுக்கப்படவில்லை. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் அதிக வெப்பத்தில் சிதையும்போது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் ஆகியவை உண்டாகின்றன. இவற்றில் ஃபார்மால்டிஹைடை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுப்பில் வைத்திருக்கிறது. 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டதாக எழுதினார்கள். அத்தனை சூட்டில் வரும் காந்தலை எவரும் தாங்கி இழுக்கமாட்டார் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. காந்தல் எச்சரிக்கிறது என்பது உண்மை. ஆனால் இனிப்பும் பழவாசனையும் தூக்கலாகச் சேர்த்த திரவத்தில் அந்த எச்சரிக்கை எவ்வளவு தாமதமாக வரும் என்பதையும், காந்தல் தெரியாத வாட்டிலும் இந்தப் பொருள்கள் குறைவாகவேனும் உண்டாகக்கூடும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இனிப்புக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸும் கம்பியில் கருகி, நான் மேலே சொன்ன கறுப்புப் பொருக்கில் சேருகிறது. பொருக்கு ஏறிய கம்பியில் வெப்பம் சீராகப் பரவுவதில்லை. அதனால் முதல் நாள் பொருத்தமாக இருந்த வாட், இரண்டு வாரம் கழித்து அதே காயிலுக்குப் பொருந்தாமல் போகிறது.

கம்பியே ஆவியில் கலக்கிறது என்பதைப் பலர் அறியார். இக்கம்பிகள் பெரும்பாலும் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கந்தால் (Kanthal) என்னும் உலோகக் கலவை, நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றால் ஆனவை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் சாதனங்களைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவில், புட்டியிலிருந்த திரவத்தைக் காட்டிலும், காயிலைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் ஆகியவை மிகக் கூடுதலாக இருந்தன. மின்னடுப்புகளிலும் ஹீட்டர்களிலும் நெடுங்காலமாக நாம் பயன்படுத்திவரும் நிக்ரோமை யாரும் மூச்சோடு சேர்த்து இழுத்ததில்லை.

வாட்டைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. வாட் குறைந்தால் திரவம் முழுதாக ஆவியாகாமல் காயிலில் தேங்கி, சூடான துளிகளாக வாய்க்குள் தெறிக்கும். நிக்கோட்டின் போதாமல், இழுப்பவர் நெடுநேரமும் அடிக்கடியும் இழுப்பார். மறுபக்கம், 11 வாட் கருவிக்கென விற்கப்படும் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கோட்டின் கொண்ட திரவத்தை 60 வாட் கருவியில் ஊற்றினால், ஒரே இழுப்பில் பல மடங்கு நிக்கோட்டின் ஏறித் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் நிக்கோட்டினுக்கு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இங்கே திருட்டுத்தனமாக வந்து சேரும் தூக்கியெறியும் வகைக் கருவிகளின் உறையில் 5 சதவீதம் என்று சிறிய எழுத்தில் இருப்பது, அதே 50 மில்லிகிராமைத்தான் குறிக்கிறது என்பதைப் பெற்றோரில் எத்தனை பேர் அறிவார்கள்?

தூக்கியெறியும் வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் வாட் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பொத்தானும் இல்லை, திரையும் இல்லை. உள்ளே என்ன தடை, என்ன திறன் என்பதைத் தயாரித்தவன் முடிவு செய்துவிட்டான். பெரிய கருவிகளிலோ ஆபத்து வேறு விதம். 0.15 ஓம் காயிலில் 60 வாட் வைத்தால் அதன் வழியே பாய்வது 20 ஆம்பியர். ஒற்றை பேட்டரியில் ஓடும் கருவியில் ஏறத்தாழ அவ்வளவையும் அந்த ஒரு பேட்டரியே கொடுத்தாக வேண்டும். 18650 எனப்படும் உருளை வடிவப் பேட்டரிகளில் பல, தொடர்ந்து அவ்வளவு மின்னோட்டம் தருவதற்கு உரியவை அல்ல. உறையில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரும் போலிச் சரக்கில் நம்பத்தக்கதன்று. காயிலின் மேல் 0.4 என்று இருந்தால் அதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் யாருக்கும் இல்லை. வைத்தாலும், ரிச்சி தெருவில் வாங்கும் சாதாரண மீட்டர் அவ்வளவு சிறிய தடையைத் துல்லியமாகக் காட்டாது.

தமிழ்நாடு அரசு 2018-இலேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது; 2019-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் என அனைத்தும் குற்றம். முதல்முறைக் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இந்தத் தடையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் தடைசெய்யப்பட்ட பொருளுக்குத் தரக்கட்டுப்பாடு இருக்க முடியாது. ஆகவே நம் ஊருக்குள் வந்துவிட்ட கருவியின் காயில் எந்த உலோகம், திரவத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. அந்தச் சரக்கின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பித்தான் பிள்ளைகள் சரியான வாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். 0.4 ஓமுக்கு எத்தனை வாட் என்று கேட்ட மாணவனிடம் நான் 34 என்ற கணக்கையும் சொன்னேன், இவ்வளவையும் சொன்னேன். விட நினைப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்தை நிறுத்துவதற்கான ஆலோசனை மையம் இருக்கிறது என்பதையும், 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

கல்லூரிகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் உறுதிமொழி எடுக்க வைப்பதோடு நின்றுவிடாமல், மின்பொறியியல், வேதியியல் ஆசிரியர்களைக் கொண்டு ஒரு காயிலை வெட்டிக் காட்டி, அரை மணி நேரம் விளக்கச் செய்யலாம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியிலும் இதற்கு இடம் கொடுக்குமாறு வேண்டுகிறேன். இன்னொரு வேண்டுகோள் அரசுக்கு. மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் நகரக் கடைகளிலும் பறிமுதலாகும் கருவிகளை எண்ணி அழிப்பதற்கு முன், அவற்றில் சிலவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, காயிலின் உண்மையான தடை, கம்பியின் உலோகம், திரவத்தின் நிக்கோட்டின் அளவு, ஆவியில் வரும் ஆல்டிஹைடுகள் ஆகியவற்றைச் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். கிண்டியைச் சுற்றியே அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் இருக்கும் இந்த ஊரில், அதற்கு ஆளோ கருவியோ இல்லை என்று சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
மின்பொறியியல் விரிவுரையாளர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை – 600 042.