லடாக்குக்கு நான் வரவில்லை, சண்முகம்

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிறு மதியம்

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். மாலதிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா என்று கீதா கேட்கச் சொன்னாள். சம்பிரதாயம் முடிந்தது.

மொட்டை ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் லடாக் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. ‘பார்க்கலாம்’ என்று நான் போட்டதை அவன் ‘வருகிறேன்’ என்று எடுத்துக்கொண்டான். அவன் கல்யாணமே இப்படி ஒரு ‘பார்க்கலாமி’ல்தான் நடந்தது, அதை விடு. நான் வரவில்லைடா. அவன் டிக்கெட் போடுவதற்குள் நீ சொல்லிவிடு. நானே குழுவில் சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அப்புறம் ஆளாளுக்கு நர்ஸ் ஏஜென்சி நம்பர் அனுப்ப ஆரம்பிப்பார்கள்.

காரணம் உனக்குத் தெரியும். அம்மா இப்போது வாக்கர் பிடித்து ஹாலிலிருந்து பாத்ரூம் வரை போகிறாள். ஆனால் கூடவே ஒரு கை இருக்க வேண்டும். கீதா ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, பகலெல்லாம் நான்தான். ஆள் வைத்தும் பார்த்தோம். வந்த பெண் தங்கமான பெண். அம்மாதான் அவள் கையால் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அமெரிக்காக்காரன் வாரா வாரம் வீடியோ காலில் வந்து ‘ஷீ நீட்ஸ் ஃபிசியோ’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறான். ஆக, நான் போகிற அதிகபட்சத் தூரம் எட்டாவது கிராஸ் மார்க்கெட்.

அடடா, ஊர் சுற்றியே காலம் கழித்தவன் இப்படி அடைந்து கிடக்கிறானே என்று நீ உச்சுக்கொட்டுவது கேட்கிறது. வேண்டாம். அதற்குத்தான் இந்தக் கடிதமே. உங்கள் எல்லோரையும்விட நான்தான் இப்போது அதிகம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். கூகுள் ஸ்ட்ரீட் வியூ. 2011-ல் இதே பெங்களூரில் கூகுள் கார் படம் எடுக்கக் கிளம்பியதும் போலீஸ் தடுத்து நிறுத்தியது நினைவிருக்கிறதா? அப்புறம் 2022-ல்தான் இந்திய நகரங்கள் முறையாக அதில் வந்தன. லிஸ்பன், ஹனோய் என்று எங்கெங்கோ போய்விட்டுக் கடைசியில் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தேன். எதிர்வீட்டு ராவ் சார் தண்ணீர்க் குழாயோடு நிற்கிறார். முகத்தை மங்கலாக்கிவிட்டார்களாம், அந்தரங்கமாம். அந்தக் கட்டம் போட்ட லுங்கியை என்ன செய்வார்கள்?

அதில் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் என்று இருக்கிறது. மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். கூகுள் கார் தங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று 2016-ல் அந்த ஊர்க்காரர்கள் ஆட்டின் முதுகில் கேமராவைக் கட்டி மேய விட்டுவிட்டார்கள். கடைசியில் கூகுளே இறங்கி வந்தது. ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் இப்படி ஒரு மூளை இருந்திருந்தால் நமக்கு அந்தச் சாம்பார் வாய்த்திருக்காது.

ஆனால் ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. ஏன் என்று யோசித்தேன். அம்புக்குறியைத் தட்டினால் போதும், இடம் வந்துவிடுகிறது. இடத்தைப் பார்க்கவா நாம் போனோம்? ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி போனபோது செங்கோட்டையில் என்ன பார்த்தோம் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. இட்டார்சியில் வண்டி நின்றபோது நீ தண்ணீர் பிடிக்க இறங்கி, வண்டி நகர்ந்து, பல்லி சங்கிலியை இழுக்கலாமா வேண்டாமா என்று விதிமுறை படித்துக்கொண்டிருந்தானே, அது மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு வேண்டியது போய்க்கொண்டிருப்பது. அதற்கு நேரம் ஆக வேண்டும். வண்டி தாமதமாக வேண்டும். நடுராத்திரியில் பெயர் தெரியாத ஊரில் நிற்க வேண்டும்.

இது தெரிந்த பிறகு வழியும் கிடைத்தது. நார்வேயில் பெர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு ஒரு ரயில் பாதை, ஐந்நூறு கிலோமீட்டர் சுமார். அதன் நூற்றாண்டுக்காக 2009-ல் அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி முழுப் பயணத்தையும், ஏழு மணி நேரத்துக்கும் மேல், வெட்டாமல் ஒளிபரப்பியது. கதை இல்லை, வர்ணனையாளர் கத்தல் இல்லை. முன்னால் தண்டவாளம், பெரும்பாலும் அவ்வளவுதான். சுரங்கப் பாதை வந்தால் மட்டும் இருட்டுக்குப் பதில் பழைய படத்துணுக்குகளைப் போட்டார்களாம். ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் எடுத்த படங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. அம்மா மதியம் தூங்கும்போது நான் பெர்கனில் ஏறிவிடுவேன். பாதையிலேயே உயரமான ஸ்டேஷன் ஃபின்சே, 1,222 மீட்டர். நம் மல்லேஸ்வரமே 900 மீட்டருக்கு மேல்தானே, ஊட்டி ஃபின்சேயைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்த உயரத்துக்கே அங்கே வருடத்தில் பாதி நாள் பனி! ஓடிக்கொண்டே இருக்கும், நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். இடையில் அம்மா எழுந்தால் வண்டியை நிறுத்த மாட்டேன். திரும்பி வரும்போது நாலு ஸ்டேஷன் போயிருக்கும். போகட்டும். ரயிலில் பாத்ரூம் போனால் அப்படித்தானே.

ரேடியோ ஒன்றும் இருக்கிறது. நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. பூமி உருண்டையை விரலால் சுற்றி ஒரு பச்சைப் புள்ளியில் நிறுத்தினால், அந்த ஊர் வானொலியில் அந்த நிமிடம் ஓடுவது கேட்கும். ராத்திரி தூக்கம் வராதபோது அதுதான். ஏதோ ஒரு தீவில் ஒருவர் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார். மீன் விலையாக இருக்கலாம், அரசியலாகவும் இருக்கலாம். நம் ஊர் ரேடியோக்காரர்கள் மாதிரி மூச்சு விடாமல் பேசவில்லை, அதுவே போதும்.

சரி, முக்கியமானதற்கு வருகிறேன். விவேக் எக்ஸ்பிரஸ்.

திப்ருகர்–கன்னியாகுமரி. அஸ்ஸாமின் மேல்கோடியிலிருந்து நம் தென்கோடிக்கு. விவேகானந்தரின் 150-ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி 2011-ல் விட்டது. ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர், எழுபது மணி நேரத்துக்கு மேல். இந்தியாவில் இதைவிட நீளமாக ஓடும் வண்டி கிடையாது. இதில் போக வேண்டும் என்று நீயும் நானும் எத்தனை தடவை பேசியிருப்போம். நான் இப்போது போகிறேன், ரயில் ஓட்டம் காட்டும் ஆப் வழியாக. திப்ருகரில் வண்டி எடுக்கும்போது நாங்களும் கிளம்புவோம். அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாங்களும். அது லேட் என்றால் நாங்களும் லேட்.

‘நாங்கள்’ என்று சொன்னேன் பார்த்தாயா? அம்மாவும் வருகிறாள்.

நான் திட்டமிட்டுக் கூட்டி வரவில்லை. ஒரு நாள் காலையில் இடியாப்பம் ஊட்டிக்கொண்டே போனைப் பார்த்து “ஃபராக்கா வந்துடுச்சு” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது என்ன என்றாள். கங்கைமேல் அணை, அதன்மேல் ரயில் போகும் என்றேன். வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டு, “காசு போட்டியா?” என்று கேட்டாள்.

உனக்கு நினைவிருக்கும், திருச்சிக்கு அவளோடு வரும்போதெல்லாம் காவேரிப் பாலத்தில் ஜன்னல் ஓரம் இருப்பவன் கையில் காசைத் திணிப்பாளே. கம்பியில் பட்டு ‘டிங்’ என்று நீ ஒருமுறை பெட்டிக்குள்ளேயே போட்டு வசவு வாங்கினாய். அதே அம்மாதான். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வரச் சொன்னாள். ஒரு ரூபாய் போட்டேன். “கும்பிடு” என்றாள். கும்பிட்டேன். அப்புறம்தான் அடுத்த வாய் இடியாப்பம் இறங்கியது.

அன்று முதல் எந்த ஆறும் காசில்லாமல் கடப்பதில்லை. பிரம்மபுத்திரா, கங்கை, கட்டக்கில் மகாநதி, கோதாவரி, விஜயவாடாவில் கிருஷ்ணா, ஈரோட்டில் காவேரி. ஒரே வண்டி இத்தனையையும் தாண்டுகிறது என்பதே எனக்கு அதற்கு முன் உறைத்ததில்லை. சின்ன ஆறுகளில்தான் வழக்கு. நெல்லூர்ப் பெண்ணாற்றுக்கு எட்டணா போதும் என்கிறாள். எட்டணா எங்கே போவேன்? ஷொரணூர் பாரதப்புழைக்கு உண்டு. ஆலுவாயில் பெரியாற்றுக்கு உண்டு, அது ஆதிசங்கரர் ஊர் ஆறு என்பதால் இரண்டு ரூபாய். பெங்களூரில் காசு கிடைப்பதுதான் பெரும்பாடு. பூக்காரம்மாகூட க்யூஆர் அட்டையை நீட்டி ‘சில்லறெ இல்லா சார்’ என்கிறாள். பால் பூத்தில் கெஞ்சி வாங்கி வைக்கிறேன்.

கோதாவரிதான் கஷ்டம். நாங்கள் போன முதல் பயணத்தில் வண்டி ஏகப்பட்ட லேட், விடியற்காலைக்கு முன்னால் ராஜமுந்திரி. எழுப்பு என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் மறந்துபோனமாதிரி விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் போகும்போதே அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள். கோதாவரி என்ற சின்ன ஸ்டேஷனுக்கும் கொவ்வூருக்கும் நடுவில்தான் ஆறு, பாலம் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். ஆப்பில் முதல் பெயர் தாண்டியதும் அவளை உட்கார வைத்துத் தலையணையை முட்டுக் கொடுத்தேன். அவள் விரல் இப்போது சரியாக மடங்குவதில்லை. நாணயத்தைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்துவிட்டேன். பாட்டில் வாய்க்கு மேல் கை நடுங்கிக்கொண்டே நின்றது. போடவில்லை. “நடு ஆறு வரட்டும்” என்றாள்.

சாப்பாடும் வண்டியோடுதான். அஸ்ஸாமில் ஆலு பித்திகா, உருளைக்கிழங்கை மசித்துப் பச்சை வெங்காயமும் கடுகெண்ணெயும் விட்டுப் பிசைவது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு “இதை மூட்டுக்குத் தேய்ச்சு விடு” என்று சொல்லிவிட்டாள். ஒடிசாவில் தால்மா, பருப்பும் காயும், அது எடுபட்டது. ஆந்திரா நுழைந்ததும் பெசரட்டு. கீதா ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “இன்னிக்கு நாம எந்த மாநிலம்?” என்று கேட்கிறாள். கேலிதான். ஆனால் விசாகப்பட்டினத்தில் வண்டி திசை மாறும், எஞ்சினை மறுபுறம் மாட்டுவார்கள் என்று நான் சொன்னதும் அவளே போய் அம்மாவின் நாற்காலியை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

இனி சொல்லப் போவதை மொட்டையிடம் சொல்லாதே.

லடாக் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அம்மா இருக்கும்வரை பார்த்துக்கொள் என்று எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று நீ யோசித்ததுண்டா? நீ யோசித்திருப்பாய், உன் அப்பாவோடு அந்த வருடங்களைக் கழித்தவன். எப்போது கிளம்பலாம் என்று நான் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும், அதற்குள் வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரைபடத்தைத் திறக்கவே கை கூசிய நாட்கள் இருந்தன. யார்மேல் என்று தெரியாமல் கோபம் வரும். பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அவளுக்குக் காது கேட்கும்டா, அது மட்டும் நன்றாகக் கேட்கும்.

இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை. அவள் இருக்கும்போதே போய்க்கொண்டிருக்கிறேன், அதுவும் அவளோடு. நடமாடிய காலத்தில் அவளை நான் எங்கே கூட்டிப் போனேன்? திருப்பதி, அதுவும் அவசரமாக. இப்போது அவளுக்கு திமாப்பூர் நாகாலாந்தில் இருக்கிறது என்று தெரியும். பக்கத்து வீட்டு மாமியிடம் “நாங்க நேத்து மால்டா தாண்டினோம்” என்கிறாள். மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். உங்கள் லடாக் போட்டோக்கள் வரும்போது எரியும். நிச்சயம் எரியும். பாங்காங் ஏரியை போனில் பார்ப்பது போதும் என்று சொல்கிற அளவுக்கு நான் ஞானி ஆகிவிடவில்லை. நிறைய அனுப்பாதே. மொட்டை பனியில் வழுக்கி விழுந்தால் அதை மட்டும் வீடியோவாக அனுப்பு.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. விவேக் ஈரோட்டுக்கு வருகிற நாளும் நேரமும் அனுப்புகிறேன், லேட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். நீ ஸ்டேஷனுக்குப் போய் ஒரு ஸ்லீப்பர் பெட்டிக்குள் எட்டிப் பார். இரண்டு நாளுக்கு மேல் ஓடி வந்த பெட்டி எப்படி இருக்கிறது, என்ன வாசம் அடிக்கிறது, திப்ருகரிலிருந்து வருகிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யாராவது இன்னும் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்களா, எல்லாம் எழுது. ஆப்பில் அது ஒன்றுதான் தெரியவில்லை. தண்ணீர் பிடிக்க மட்டும் இறங்காதே.

பாட்டில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. காவேரிப் பங்கை உன்னிடம் கொடுத்து ஆற்றில் போடச் சொல்கிறாள் அம்மா. எல்லாம் ஒரே பாட்டிலில்தான் கிடக்கிறது, எது காவேரிக் காசு என்று நான் எப்படிப் பிரிப்பேன்? பத்து ரூபாய் ஜிபே பண்ணுகிறேன், அங்கேயே சில்லறை மாற்றிப் போட்டுவிடு. அவளிடம் சொல்லாதே.

மாலதிக்கு அன்பு. பதில் கடிதமாகவே வரட்டும், தம்ஸ் அப் படம் வேண்டாம்.

உன்,
ரங்கன்