ஜூன் மாதத்தில் பனித்தளம் காத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி, 2022 ஜூன் 6 முதல் 13 வரை எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனிலும் அதையடுத்த மிடில்டனிலும் நடந்தேறியது. அரங்கில் எடுபிடி வேலைகள் பார்த்த தன்னார்வலர்களுள் ஒருத்தி என்ற முறையில், அது நடக்கக் காரணமாயிருந்தவர்களுக்கு நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, வாய் திறந்து கேட்டவர்களுக்கு. கொரோனாவால் 2021ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டிருந்த நிலையில், 2022 ஜனவரியில் ஸ்வீடனில் நடக்கவிருந்த போட்டியையும் ஒமிக்ரான் பரவலைக் காரணம் காட்டிச் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு டிசம்பர் 24 அன்று ரத்து செய்தது. ஆனால், 20 வயதுக்குட்பட்ட ஆண்களின் போட்டி மட்டும் இரண்டே நாளில் கனடாவில் தொடங்கியது. (அதுவும் சில நாளில் தொற்றால் நின்றுபோனது வேறு கதை.) வயது வரம்புள்ள ஆட்டத்தில் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லை; 2003இல் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு ஏற்கெனவே கைநழுவிவிட்டது, 2004இல் பிறந்தவர்களுக்கோ இதுவே கடைசி. பெண்களின் போட்டிதான் முதலில் பலியாக வேண்டுமா என்று அன்று பகிரங்கமாகக் கேட்ட வீராங்கனைகளுக்கும் செய்தியாளர்களுக்கும் ரசிகர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். முடிவை மாற்றிக்கொண்ட கூட்டமைப்புக்கும் நன்றி உரித்தாகுக. கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை.

போட்டியை ஏற்று நடத்திய அமெரிக்க ஹாக்கி அமைப்புக்கும், தம் பெண்கள் அணியின் சொந்தக் களமான லபான் அரங்கைத் திறந்துவிட்ட விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கும், 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பாப் சூட்டரின் பெயர் தாங்கிய மிடில்டன் பனி அரங்கத்தாருக்கும் நன்றி.

பனித்தளப் பணியாளர்களுக்குச் சற்று விரிவாகவே நன்றி சொல்ல வேண்டும். கோடையின் ஈரக்காற்று கதவிடுக்கில் நுழைந்தாலே பனியின் மேல் மூட்டம் படரும், தளம் இளகும், பக் (இவ்வாட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான ரப்பர் வட்டு) நீரில் சிக்கித் தயங்கும். ஈரம் உறிஞ்சும் கருவிகளை இரவு பகலாக ஓடவிட்டார்கள். 20 நிமிட ஆட்டப்பகுதி ஒவ்வொன்றும் முடிந்ததும் ஸாம்போனி வண்டியைக் கொண்டுவந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவி, அதன்மேல் சுடுநீரைப் படரவிட்டார்கள். சுடுநீர் அடிப்பனியைச் சற்றே உருக்கி அதனோடு ஒன்றி உறைவதால்தான் தளம் கண்ணாடிபோல் வழவழப்பாகிறது. அவர்களுக்கு இணையாக, சறுக்குக் காலணியின் தகட்டைத் தீட்டிவிட்டு, விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்து, நகம் சீவப்படுகிறதா என்று பார்த்த பிறகே காலணியைத் திருப்பித் தந்த அணிப் பணியாளர்களையும் நினைக்கிறேன்.

அமெரிக்கா, கனடா, பின்லாந்து, ஸ்வீடன், செக், ஸ்லோவாக்கியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய எட்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நன்றி. உடலால் மோதித் தள்ள விதி இடம்தராத பெண்கள் ஆட்டத்தில் வேகமும் பக்கைக் கைமாற்றும் திறனும் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டினீர்கள். முதற்சுற்றில் அமெரிக்காவிடம் 7-0 எனத் தோற்ற கனடா, இறுதியாட்டத்தில் அதே அமெரிக்காவை 3-2 என வென்று தங்கம் பெற்றபோது, சொந்த அணி தோற்ற வருத்தத்தோடும் எழுந்து நின்று கைதட்டிய எங்கள் ஊராருக்குத் தனி நன்றி.

இப்படிக்கு,
மேடிசனிலிருந்து ஒரு தன்னார்வலர்