அப்பாவின் தறியும் நீ அனுப்பிய படமும்

அம்மாப்பேட்டை, சேலம்.
8.2.2026

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அத்தையும் நலமாக இருக்கிறோம். பொங்கலன்று நீ குடும்பக் குழுவில் அனுப்பிய படத்துக்கு நான் கைகூப்பும் குறியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டதைக் கவனித்து, மறுநாள் "பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாய். "நல்லாத்தான் இருக்கு சாமி" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடியதாக அது எனக்குத் தோன்றாததால், மூன்று வாரம் யோசித்து, நானே சிலவற்றை முயன்று பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன். இதை நீ விட்டுச் சென்ற கணினியில் நானே தட்டச்சு செய்கிறேன் என்பதை அறிந்தால் நீ மகிழ்வாய் என்பதற்காக அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா தறியில் அமர்ந்திருக்கும் பழைய புகைப்படத்தை வண்ண ஓவியமாக மாற்றி, அவர் தலை நிமிர்ந்து சிரிப்பது போலச் சில வினாடிகள் அசையவும் வைத்திருந்தாய். போன ஆண்டு மார்ச்சில் ஊரெல்லாம் ஜப்பானியக் கார்ட்டூன் சாயலில் தங்கள் முகங்களை மாற்றிக்கொண்டபோதும், செப்டம்பரில் சேலை கட்டிய படங்கள் பரவியபோதும் நான் வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் நம் வீட்டு முகம் அப்படி வந்தபோது, அன்று காலை முழுவதும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பார்த்து அழுதுவிட்டார். அந்த அன்புக்காகத்தான் நீ அதைச் செய்தாய் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

மாலையில்தான் மூலப் புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, செல்பேசியைப் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, அதை அவர் தறியின் நீளவாட்டு இழையான பாவு நூலாலேயே சுற்றிக் கட்டியிருப்பார். படத்தில் கண்ணாடி இருக்கிறது, அந்த நூல்கட்டு இல்லை. தறிக்குழியைக் காணோம். கால்கள் குழிக்குள் மிதியில் இருக்க வேண்டியவர், நாற்காலி போன்ற ஒன்றில் அமர்ந்திருக்கிறார். வலக்கை, குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் நாடாவை விரட்டும் கயிற்றைப் பிடித்திருக்க, இடக்கை அச்சுப்பலகையின் மேல் இருக்க வேண்டும்; இங்கே இரண்டு கைகளும் ஆர்மோனியம் வாசிப்பவரைப் போல விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பாவு இழைகள் பாதி தூரம் வந்து ஒன்றோடொன்று கரைந்துபோகின்றன. மிதியை மிதித்தால்தானே பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து நாடா ஓட வழி திறக்கும்? அந்த வழியே திறக்காத பாவின்மேல் நாடா அனாதையாகக் கிடக்கிறது. அத்தையிடம் காட்டி, "இந்தத் தறியில எத்தனை முழம் நெய்யலாம் அண்ணி?" என்று கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு இழைகூட ஓடாதே" என்றார்.

இது யாரையும் குறை சொல்லும் பேச்சல்ல. இப்படிப்பட்ட மென்பொருள்கள் எப்படி வரைகின்றன என்று தேடிப் படித்தேன். மணலை வாரி இறைத்தது போன்ற புள்ளிகளின் குழப்பத்திலிருந்து தொடங்கி, முன்பு கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்ற சாயலின்படி அந்தக் குழப்பத்தைப் படிப்படியாகத் துடைத்துக்கொண்டே வந்து, பார்க்கப் பொருத்தமாகத் தோன்றும் ஓர் உருவத்தை அவை அடைகின்றனவாம். முகங்களையும் பூக்களையும் எண்ணிலடங்காமல் பார்த்திருக்கும். அம்மாப்பேட்டைக் குழித்தறியை எத்தனை முறை பார்த்திருக்கும்? தெரியாத இடத்தை அது வெறுமையாக விடுவதில்லை, ஊகத்தால் நிரப்பிவிடுகிறது. அப்பாவின் கண்ணாடியில் இருந்த நூல்கட்டு அதற்கு ஒரு பிழையாகத் தோன்றியிருக்க வேண்டும். நாற்பது ஆண்டு அவரோடு வாழ்ந்த எனக்கு அந்தக் கட்டுதான் அவர்.

அந்தச் செயலியை நானும் நிறுவிப் பார்க்க முயன்றேன். ஒரே ஒரு படத்தை மாற்றுவதற்கு என் செல்பேசியில் உள்ள எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டது. அதில் பேரன் குளிக்கும் படம் முதல் என் ஓய்வூதியப் புத்தகம் வரை இருப்பதால் மறுத்துவிட்டேன். நீயும் உன் செல்பேசியின் அமைப்புகளில் எந்தெந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறாய் என்று ஒரு முறை பார்த்துவிடு. வேண்டிய படத்தை மட்டும் தேர்ந்து கொடுக்கும் வசதி இப்போது இருக்கிறது.

கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். நம் கணினியில் விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் அதற்கு மாற வழியில்லை என்றும், புதிது வாங்கிவிடுவதே நல்லது என்றும் கடையில் சொன்னார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. எதிர்வீட்டில் பொறியியல் படிக்கும் பெண் ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைக் கொண்டுவந்தாள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, கணினியில் எதையும் அழிக்காமல், நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். இரண்டு நாள் அப்படியே வைத்துக்கொண்டு, அச்சுப்பொறி வேலை செய்கிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா, வீடியோ அழைப்பில் ஒலி வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அதன் பிறகு எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து வைத்துவிட்டு நிறுவச் சொன்னேன்.

ஒரே ஓர் இடத்தில் மனம் பதறிப்போனேன். இருபது ஆண்டுகளாக நான் தயாரித்த தமிழ் வினாத்தாள்களை லிப்ரே ஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்தால், எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நின்றன. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை என்பதும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆங்கிலத்தோடு கலக்காத சொந்த எண்கள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. எழுத்துருமாற்றி ஒன்றின் வழியாக அத்தனை தாள்களையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம்; ஒற்றெழுத்துகள் சில இடங்களில் இடம் மாறியிருப்பதை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

தட்டச்சுக்குத் தமிழ்99 கற்றுக்கொண்டேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. நான் இளவயதில் தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற பழைய பலகையில் "கொ" என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். தமிழ்99இல் க அடித்து ஒ அடித்தால் போதும். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி ஆகிய முப்பத்தொரு விசைகளில் உயிர்மெய் முழுவதும் பிறந்துவிடுகிறது. "அக்கா" என்பதில் க இரண்டு முறை அடித்தால் முதல் ககரத்தின்மேல் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. ங அடித்துப் பின் க அடித்தால் "ங்க" ஆகிவிடுகிறது. மெய்யின்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகும் என்று முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதிக் காட்டிய எனக்கு, அந்த இலக்கணம் விரல் நுனியில் நடப்பதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இதை வடிவமைத்தவர்கள் தமிழை எழுத்துகளின் கூட்டமாகப் பார்க்காமல் ஒலியின் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள். பேரனுக்குத் தமிழ் கற்பிக்கத் தொடங்கும்போது, ஆங்கில எழுத்தில் "அம்மா" என்று அடித்துத் தமிழாக மாற்றும் முறையைப் பழக்காமல் இதையே பழக்கு என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் குரல் தட்டச்சும் முயன்றேன். ரகர றகரங்களை நாம் பேச்சில் பிரிப்பதில்லை அல்லவா, "அறையில் அரைத்த மாவு" என்று சொன்னேன். முன்பின் சொற்களைக் கொண்டு சரியாகவே எழுதியது. அத்தை பேசினால்தான் திணறுகிறது.

பிறகு, கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை அறிவுச் செயலி ஒன்றைச் சோதித்தேன். ஓய்வூதியம் தொடர்பான விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. வரி வரியாகச் சரிபார்த்தேன், குறை இல்லை. அந்தத் துணிவில் தறியைப் பற்றிக் கேட்டேன். பாவு நீளவாட்டு இழை, ஊடை குறுக்கு இழை என்று அழகாகத்தான் தொடங்கியது. நாடா என்றால் என்ன என்று கேட்டதற்கு, துணி கட்டும் பட்டை என்றது. தார் என்றால் சாலை போடும் பொருள். விழுது ஆலமரத்தில் இருப்பது. அச்சு புத்தகம் அடிப்பது. ஒவ்வொன்றும் சரியான தமிழ்தான், தறியில் மட்டும் தவறு. ஊடை நூல் சுற்றிய கண்டுதான் தார் என்று திருத்தினேன். மன்னிப்புக் கேட்டு ஏற்றுக்கொண்டது. அதன் உறுதியைப் பார்ப்பதற்காக, நெய்த துணியைச் சுற்றும் படமரத்தைத் தலைக்கு மேல் தொங்கும் கட்டை என்று வேண்டுமென்றே தவறாகச் சொன்னேன். அதற்கும் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது. எனக்குத் தெரிந்த துறையாக இருந்ததால் பிழையைக் கண்டுகொண்டேன். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் நீ அதனிடம் மருந்தைக் கேட்டுவிடாதே, கண்ணு. அங்கே அதன் பிழையைக் காண உனக்கோ எனக்கோ கண் இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. படம் வரையும் மென்பொருளும் பதில் எழுதும் மென்பொருளும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தன என்று விளங்கியது. அவை எழுதப்பட்டதிலிருந்தும் எடுக்கப்பட்ட படங்களிலிருந்தும் கற்கின்றன. நம் தெருவின் சொற்களை யார் எழுதி வைத்தார்கள்? சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதை நெய்த கைகளின் பேச்சு இணையத்தில் எங்கே இருக்கிறது? விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு ஓட்டிய காலத்தில், பள்ளிக்குப் போகும் முன் நீ ராட்டையில் தார் சுற்றினாயே, அந்தத் தாரின் பெயர் தமிழ் படித்த எனக்கே இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பக்கத்துத் தெருக்களில் இப்போது விசைத்தறி ஓசைதான் கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நான், எழுத வேண்டியதை எழுதாமல் இருந்துவிட்டேன் என்று வருந்தினேன்.

ஆகவே தமிழ் விக்சனரியில் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற அகராதி அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை ஊஞ்சலில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் குறிப்பேட்டில் எழுதுகிறேன். இரவில் அதைத் தட்டச்சு செய்கிறேன். ஒரு சொல்லைத் தனியாகக் கேட்டால் அவருக்கு நினைவு வருவதில்லை. இல்லாத நூலைக் கையில் பிடித்து, இல்லாத ராட்டையைச் சுற்றும்போது தானாக வருகிறது. இதுவரை பதினோரு சொற்கள் முடிந்திருக்கின்றன.

உன்னிடம் எனக்கு வேண்டியவை இரண்டு. அப்பாவை இனி அசைய வைக்க வேண்டாம். நீ அனுப்பியதை நான் அழிக்கவில்லை, ஆனால் பேரன் வளர்ந்து தாத்தாவைத் தேடும்போது, நூல்கட்டுள்ள அந்தக் கண்ணாடியோடு இருப்பவரைத்தான் அவன் முதலில் பார்க்க வேண்டும். மற்றொன்று, கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது நீ பழைய செல்பேசியில் அப்பா தறி ஓட்டுவதைப் படம் பிடித்தாய். இது மிதி, இது விழுது, இது படமரம் என்று அவர் உனக்கு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார், இடையில் நான் காபி குடிக்க அழைப்பதும் கேட்கும். அந்தச் செல்பேசி உன் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அதைத் தேடி எடுத்து அனுப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி வரும். அவர் குரலில் உள்ள சொற்களைத் தனித்தனியாக வெட்டி, உனக்குச் சம்மதமானால் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோப்புகளின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, விக்சனரியில் அந்தந்தச் சொல்லோடு இணைக்க எதிர்வீட்டுப் பெண் எனக்குக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். "தார்" என்ற சொல்லை உன் பதிலுக்காக ஒலி இல்லாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா