படித்ததில் பிடித்தது

அன்புள்ள சித்தப்பா,

நலம். நலமறிய ஆவல். இப்படித் தொடங்கினால்தான் இதைக் கடிதம் என்றே ஒப்புக்கொள்வீர்கள். அஞ்சல் துறையில் 34 வருஷம் முத்திரை குத்திய கைக்குக் கடிதம் எழுதுகிறோம் என்ற பயம் எனக்கு உண்டு. பின்கோடு மட்டும் போடவில்லை. வலைப்பூவில் அதற்கு இடமில்லை, மன்னியுங்கள்.

போன வியாழக்கிழமை காலை 5.42 மணிக்கு நம் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒன்று அனுப்பினீர்கள். மேலே 'படித்ததில் பிடித்தது', அதற்கு இரண்டு பக்கமும் பூங்கொத்து, கீழே நீளமாக ஒரு கட்டுரை. ராத்திரி மிஞ்சிய ரசத்தைக் கொட்ட மனசில்லாமல், மறுநாள் பருப்பில் ஊற்றிக் கொதிக்கவைக்கும் ஒரு பாட்டியைப் பற்றியது. கடைசி வரி இது: 'ஜப்பானியர்கள் நூறு வயது வாழ்வதன் ரகசியம் இதுவே என்கிறார் ஒரு ஜப்பானிய மருத்துவர்.'

சித்தப்பா, அந்தப் பாட்டி உங்கள் அம்மா. அதை எழுதியவள் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வலைப்பூவில் எழுதியது. கூடத்து ஊஞ்சல், புகை படிந்த சமையலறை ஜன்னல், ரசம் வைக்கிற ஈயச்சொம்பு எல்லாம் நம் வீட்டுச் சாமான்கள்தான். எந்த ஊரிலோ என் பெயர் கழன்று விழுந்திருக்கிறது, வேறெந்த ஊரிலோ ஒரு ஜப்பானிய மருத்துவர் ஏறிக்கொண்டிருக்கிறார். ஜப்பானில் ஈயச்சொம்புக்கு எங்கே போனார்கள் என்று வழியில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

மனசு கேட்காமல் உங்களுக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "யார் சித்தப்பா எழுதினது?" என்றேன். "யாரோ எழுதியிருக்கான். ஆனா நல்லா எழுதியிருக்கான். நம்ம அம்மாகூட இப்படித்தான் செய்வா" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீயும் ஏதோ எழுதறேன்னு சொல்றியே, இந்த மாதிரி எழுதக் கத்துக்கோ" என்றீர்கள்.

சரி, கற்றுக்கொள்கிறேன்.

என் எழுத்தை நீங்கள் ஏன் படித்ததில்லை என்றும் எனக்குத் தெரியும். நான் அனுப்புவது லிங்க். லிங்க்கைத் தொட்டால் பேங்க்கில் இருக்கிற காசு போய்விடும் என்று யாரோ சொல்லி, அன்றிலிருந்து எந்த லிங்க்கையும் நீங்கள் தொடுவதில்லை. அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஊரில் நடக்கிற மோசடிகளைப் பார்த்தால் உங்கள் கொள்கைதான் சரி. ஆனால் அதன் விளைவு என்ன தெரியுமா? உங்கள் அண்ணன் மகள் எழுதினால் உங்களுக்கு வராது. அவள் பெயரை எடுத்துவிட்டால் வரும்.

உங்களை நினைத்தால் எனக்கு வருகிற முதல் ஞாபகம் ஒரு கோணிப்பை. ஆறாம் வகுப்பு விடுமுறையில் உங்கள் தபாலாபீஸுக்கு வந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு கட்டு போஸ்ட் கார்டைப் பிரித்து எனக்குக் காட்டினீர்கள். எல்லாவற்றிலும் ஒரே விஷயம், ஒரே கையெழுத்து. 'இதைப் படித்ததும் 16 பேருக்கு எழுதவும். எழுதிய ஒருவருக்கு லாட்டரி விழுந்தது. கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்.' நீங்கள் கோபத்தோடு சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "டிபார்ட்மென்ட்டுக்கு 16 கார்டு லாபம். எனக்கு முதுகுவலி. எவனாவது யோசிச்சு எழுதறானா பாரு."

அந்த சித்தப்பாவா இப்போது காலை 5.42க்கு, 'இந்த மந்திரத்தை 11 பேருக்கு அனுப்புங்கள், மாலைக்குள் நல்ல செய்தி வரும்' என்று அனுப்புகிறீர்கள்? இன்றைக்கும் போஸ்ட் கார்டு 50 பைசாதான். 16 கார்டுக்கு எட்டு ரூபாய். கைவலி தனி. அந்த எட்டு ரூபாயும் கைவலியும்தான் அந்தக் காலத்தில் நாட்டைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஆனால் உங்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. அச்சடித்த வாழ்த்து ஒன்றும் வாட்ஸ்ஆப் கண்டுபிடித்ததில்லை. தந்தி இருந்த காலத்தில் வாழ்த்து வாக்கியங்களுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள், எண்ணைச் சொன்னால் போதும், முழு வாக்கியமும் அந்தப் பக்கம் போய்ச் சேரும், செலவும் குறைவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அம்மா அப்பா கல்யாணத்தில் மேடையேறி வாழ்த்துத் தந்திகளைப் படித்தவர், மூன்றாவதற்கு மேல் "மற்றவர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள்" என்று இறங்கிவிட்டாராம். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடினார்கள். எண் போட்ட வாழ்த்து மட்டும் ரோஜாப்பூவுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து பிழைத்துக்கொண்டது.

அந்த ரோஜாப்பூ லேசுப்பட்டதில்லை. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது. இந்தியாவில் இத்தனை போன்கள் இடமில்லாமல் ஏன் திணறுகின்றன என்று கூகுள்காரர்கள் துருவியிருக்கிறார்கள். காரணம் குட் மார்னிங் படங்கள். அவற்றைத் தேடிப் பிடித்து மொத்தமாக அழிக்கும் வசதியை ஒரு ஆப்பில் வைத்துத் தந்தார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கில் இன்ஜினியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு மயிலாடுதுறையிலிருந்தும் ஒரு பங்கு போயிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அதே 2018 ஜூலையில், வதந்திகளைக் கட்டுப்படுத்த, இந்தியாவில் ஒரு சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்ஆப் பூட்டுப் போட்டது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்ததை ஒரு சமயத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று பூட்டை இறுக்கியது. அப்படிப் பல கை மாறியது இரட்டை அம்புக்குறியோடு வரும். நீங்கள் அனுப்புவதில் மட்டும் அம்புக்குறியே இல்லையே என்று தம்பி ஆச்சரியப்பட்டான். அப்புறம்தான் கண்டுபிடித்தோம். மொத்தத்தையும் காப்பி எடுத்து, புதிதாக ஒட்டி அனுப்புகிறீர்கள். பழைய தபாலுக்குப் புது உறை, புது முத்திரை. கலிஃபோர்னியாவில் யோசித்து யோசித்துப் போட்ட பூட்டை ஓய்வுபெற்ற சப் போஸ்ட் மாஸ்டர் ஒருவர் ஒரு விரலால் திறந்துவிட்டார்.

இனி திருநள்ளாறு விவகாரம். சனி பகவான் கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசா வியப்பு என்று நீங்கள் அனுப்பியது நாலாவது முறை. முதல் மூன்று முறை சும்மா இருந்தேன். நாலாவது முறை வாய் அரித்தது. "சித்தப்பா, பூமிக்குப் பக்கத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகும். அதற்கு நிற்கவே தெரியாது. நீங்கள் சொல்கிற மூன்று நொடியில் திருநள்ளாறிலிருந்து கிளம்பி நாகப்பட்டினத்தையே தாண்டிவிடும். டிவிக்குச் சிக்னல் அனுப்புகிற வகையோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழல்கிற வேகத்துக்குச் சரியாகச் சுற்றுகிறது. கீழிருந்து பார்த்தால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரிதான் இருக்கும், அதற்குச் சனி பகவான் தேவையில்லை" என்று எழுதினேன். குரூப்பில் மயான அமைதி. பெரிய அத்தை மட்டும் கை கூப்பினார், எனக்கா சனி பகவானுக்கா தெரியவில்லை.

பத்து நிமிஷம் கழித்து உங்கள் பதில் வந்தது: "அப்போ நாகூர் ஆண்டவரையும் பார்த்துட்டுதான் போகுதுன்னு சொல்லு."

அன்றைக்கு நான் தோற்றுவிட்டேன் சித்தப்பா. ஏழு கிலோமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு இதை எப்படி முந்துவது?

ஆனால் கட்டை விரல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சின்ன அக்காவின் வளைகாப்புக்குச் சமையல்காரர் உங்களுக்கு மெசேஜ் போட்டார். '150 இலை சொன்னீங்க. கூட வர்ற மாதிரி தெரியுது. 250க்கே சாமான் வாங்கிடவா?' நீங்கள் கட்டை விரலை உயர்த்தினீர்கள். அவர் 250க்கு வாங்கினார். வந்தது 140 பேர். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் மூன்றையும் எங்கள் தெரு இரண்டு நாள் சாப்பிட்டது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார், கையில் தூக்கு வைத்திருந்தேன்.

கேட்டதற்கு நீங்கள் சொன்ன வாதம் சாமானியமில்லை. "பார்த்துட்டேன்னு விரல் காட்டினேன். அந்தக் காலத்துல ரிஜிஸ்டர் தபால் வந்தா ஒப்புகை அட்டையில கையெழுத்துப் போட்டோம். அதனால உள்ளே எழுதியிருக்கிறதுக்கெல்லாம் சம்மதம்னு அர்த்தமா?"

இதே வாதத்தைக் கனடாவில் ஒரு விவசாயி கோர்ட்டிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறார். சாஸ்கட்சுவான் மாகாணத்துக்காரர். ஆளிவிதை வாங்குகிற ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதி செய்யச் சொல்லி அவர் போனுக்கு அனுப்பியது. அவர் கட்டை விரலைத் திருப்பி அனுப்பினார். விதை போகவில்லை, வழக்கு வந்தது. ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் அந்த விரலுக்கு அர்த்தம் என்றார். 2023இல் நீதிபதி அதை ஏற்கவில்லை. அந்த விரல் கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல் கட்ட உத்தரவிட்டார். உங்களுக்குப் புளியோதரையோடு போயிற்று.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயக்கம்தான். கண்ணீர் தெறிக்கிற மஞ்சள் முகம் இருக்கிறதே, அது அழவில்லை சித்தப்பா. சிரிக்கிறது. சிரிப்பு தாங்காமல் வருகிற கண்ணீர் அது. அது அவ்வளவு பிரபலமாகி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2015ஆம் ஆண்டின் சொல்லாக அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அத்தையின் மாமனார் காலமான செய்திக்குக் கீழே நீங்கள் அதை ஐந்து முறை போட்டீர்கள். உங்களைப் பார்த்து மன்னார்குடி மாமாவும் ஏழு போட்டார். அத்தை இன்னும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும்வரை நாமும் பேச வேண்டாம்.

உங்கள் வாய்ஸ் மெசேஜ் பற்றிக் குறையே இல்லை. 2021லிருந்து அதை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்க முடிகிறது. "ஹலோ, ரெக்கார்ட் ஆகுதா, ஏய் இது ஆகுதா பாரு" என்ற முதல் அரை நிமிஷம் கால் நிமிஷமாகிவிடுகிறது. சித்தி குக்கரை இறக்குவது, தெருவில் கீரைக்காரம்மா போவது எல்லாம் கேட்கும். அந்த இடம் வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.

சரி, இந்தக் கடிதம் உங்களிடம் எப்படி வரும்? லிங்க்காக அனுப்பினால் தொட மாட்டீர்கள். அதனால் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மொத்தத்தையும் காப்பி எடுத்து, என் பெயரை எடுத்துவிட்டு, மேலும் கீழும் பூங்கொத்து வைத்து, மன்னார்குடி மாமாவின் குரூப்பில் விடுவான். அங்கிருந்து தஞ்சாவூர், தஞ்சாவூரிலிருந்து உங்கள் பென்ஷனர்ஸ் குரூப். என் கணக்கில் மூன்று நாள். சாதாரணத் தபாலுக்கு அது நியாயமான நேரம்தான்.

வந்ததும் பாதி படித்துவிட்டு, "யாரோ ஒரு சித்தப்பாவை நல்லா வாங்கியிருக்கான்" என்று நம் குரூப்பில் போடுவீர்கள். போடுங்கள். போட்ட பிறகு மேலே போய் அந்த ஈயச்சொம்பை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அதன் வாயில் ஒரு நசுங்கல் உண்டு. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நீங்கள்தான் அதைத் தூக்கி எறிந்தீர்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். போன தடவை கட்டுரையில் உங்கள் மானம் கருதி அதை விட்டுவிட்டேன்.

சித்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த ஜப்பானிய மருத்துவர்